உவமையும் உறவும்

சென்ற ஆண்டு ஓணத்தின்போது எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வழக்காடியவள் எங்கள் ஏழு வயதுப் பேத்தி. எதிர்நின்றவன் அடுத்த வீட்டு மலையாளச் சிறுவன். வழக்கின் பொருள் 'அம்மாயி' என்னும் ஒரே ஒரு சொல்.

நாங்கள் இப்போது குடியிருப்பது பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அவளைப் பெற்ற தாயை எங்கள் பேத்தி 'அம்மாயி' என்று அழைப்பாள். கொங்கு நாட்டில் தாயின் தாய்க்கு அதுவே பெயர். அன்று அடுத்த வீட்டுக்கு விருந்தாக வந்திருந்த இளம்பெண் ஒருத்தியை அச்சிறுவன் 'அம்மாயி' என்று விளித்தான். அவள் அவனுடைய அம்மாவனின், அதாவது தாய்மாமனின், மனைவி. மலையாளத்தில் அவளுக்கு அதுதான் பெயர். எங்கள் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். "இவங்களுக்கு ஒரு நரைகூட இல்லை; இவங்க எப்படி அம்மாயி ஆவாங்க?" என்றாள். சிறுவனின் கண்கள் கலங்கிவிட்டன.

அவன் அழுவதைக் கண்டதும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். எங்களிடம் ஓடிவந்து, "தாத்தா, அவனுக்கு அம்மாயின்னா, எனக்கு யார் மாதிரி?" என்று கேட்டாள்.

"உன் மாமாவைக் கட்டிய அத்தை இருக்கிறார்களே, அவர்கள் மாதிரி" என்றோம்.

சிறிது நேரம் எண்ணினாள். "அப்படின்னா அவங்களுக்குப் பாப்பா பிறந்தா, அது அவனுக்கு மாமா மகளா?" என்றாள். ஆம் என்றோம். வழக்கு தீர்ந்தது, இருவரும் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டனர்.

அவர்கள் மறந்துவிட்டனர், எங்களால் மறக்க இயலவில்லை. முதலில் அக்குழந்தை ஒலியை ஒலியோடு ஒப்பிட்டாள், ஏளனம் பிறந்தது. பிறகு இடத்தை இடத்தோடு ஒப்பிட்டாள், அறிவு பிறந்தது. "அது என்ன சொல்?" என்ற கேள்வி, "அது யார் மாதிரி?" என்று மாறிய அந்த ஒரு நொடியில் எவ்வளவோ அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றிற்று.

நம் முன்னோர் இதனை நன்கு ஆராய்ந்தவர்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் உண்டு. உவமை பிறக்கும் நிலைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக அங்கே வகுத்துள்ளனர். எங்கள் மலைவாழ்வைக் கொண்டே சான்று கூறுவோம். 'கடன் அட்டை போல ஒட்டிக்கொண்டது' என்றால் அது வினை பற்றிய உவமை. 'கோடை மழை போல உதவினார்' என்றால் பயன் பற்றியது. 'வேல் போல் நிமிர்ந்த மரம்' என்பது மெய், அதாவது வடிவு பற்றியது. 'குருதி போன்ற காப்பிப் பழம்' என்பது உரு, அதாவது நிறம் பற்றியது. இவற்றுள் பின்னிரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. முன்னிரண்டும் அத்தகையன அல்ல. அட்டையும் கடனும் பார்வைக்கு ஒத்திருப்பதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நிகழும் செயலே ஒத்திருக்கிறது. அதனைக் காண மனக்கண் வேண்டும்.

இக்கால உளநூலாரும் ஏறத்தாழ இதே வாயிலின் வழியாகவே நுழைகின்றனர். அமெரிக்க அறிஞர் டெட்ரே ஜென்ட்னர் என்னும் அம்மையார் 1983-இல் ஒப்புமையைப் பற்றி ஒரு கொள்கையை வகுத்தார். ஒப்புமை என்பது பொருளின் தோற்றத்தைப் பெயர்த்து வைப்பதன்று. பொருள்களுக்கு இடையேயுள்ள தொடர்பைப் பெயர்த்து வைப்பது என்பது அதன் சாரம். மேகம் பஞ்சு போன்றது. எவ்வாறு என்று சிறு பிள்ளைகளைக் கேட்டால், இரண்டும் உருண்டையாக, மெத்தென்று இருக்கின்றன என்பார்கள். சற்று வளர்ந்தவர்களைக் கேட்டால், இரண்டும் நீரைத் தம்முள் வாங்கி வைத்துப் பிறகு வெளியே விடுகின்றன என்பார்கள். வயது ஏற ஏற மனிதமனம் உருவிலிருந்து வினைக்கும் பயனுக்கும் நகர்கிறது.

இந்நகர்ச்சிக்கு உதவுவது எது? வயது மட்டும் அன்று, சொல்லும் உதவுகிறது. ராட்டர்மன் என்பவரும் ஜென்ட்னரும் செய்து 1998-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. குழந்தையின் முன்னே பெரிதும் நடுத்தரமும் சிறிதுமாக மூன்று பொருள்கள்; சோதிப்பவரின் முன்னும் அவ்வாறே மூன்று. அவர் தம் பொருள்களுள் ஒன்றன் அடியில் ஒரு சிறு ஒட்டுப்படத்தை மறைப்பார். குழந்தை தன் வரிசையில் அதே இடத்தில் உள்ள பொருளின் அடியில் தேடவேண்டும். ஆனால் ஒரு சூழ்ச்சி: அவருடைய பொருளைப் போலவே தோன்றும் ஒன்று குழந்தையின் வரிசையில் வேறிடத்தில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைகள் அதனிடம் ஏமாந்து போவார்கள். ஆயின் அம்மூன்றையும் 'அப்பா, அம்மா, பாப்பா' என்று பெயரிட்டு அழைத்தபோது, அதே வயதுப் பிள்ளைகள் மிகச் சிறப்பாகச் செய்தனர். தோற்றம் மயக்கியபோது உறவுச்சொல் வழிகாட்டிற்று. அவ்வறிஞர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்தவை உறவுப்பெயர்கள் என்பதைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நம் வீடுகளில் அத்தகைய பெயர்களுக்குப் பஞ்சமா?

நம் முறைப்பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பா அல்லது சித்தப்பா. 'அப்பா' என்னும் சொல் அப்பெயரிலேயே இருக்கிறது. தாயின் உடன்பிறந்தாள் பெரியம்மா அல்லது சின்னம்மா. ஆகவே அவர்கள் மக்கள் நமக்கு அண்ணன் தம்பி, அக்காள் தங்கை. தாயின் உடன்பிறந்தான் மாமன். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. அவர்கள் மக்கள் மணமுறைக்கு உரியவர்கள். 'அப்பாவுக்கு மச்சான் என்றால் எனக்கு மாமா' என்று பள்ளிக்குப் போகாத பிள்ளையும் கணக்குப் போடுகிறது.

இக்கணக்கின் அழகைக் கண்டு வியந்தவருள் ஒருவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்கர். உலக மக்களின் உறவுமுறைகளைத் தொகுத்து 1871-இல் அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். தமிழரின் முறைப்பெயர் அமைப்பும், அமெரிக்கப் பழங்குடியினரான இரோகுவா மக்களின் அமைப்பும் பெரிதும் ஒத்திருப்பதை அவர் கண்டார். அவர் கண்ட ஒப்புமை கூரியது. ஆனால் அதிலிருந்து அவர் அடைந்த முடிவு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இஃதே சான்று என்பது. அவர்கள் முன்னோர் ஆசியாவிலிருந்து சென்றது உண்மையே. ஆனால் முறைப்பெயர் ஒத்திருப்பது அதற்குச் சான்றாகாது. மேலும் அவ்விரு முறைகளும் முழுதும் ஒன்றல்ல. ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி என்பார் 1964-இல் அவை பிரியும் இடத்தைக் காட்டினார். தந்தைக்கு அத்தை மகன் நமக்கு மாமன். இரோகுவா மரபில் அவன் தந்தை வரிசையிலேயே நிற்பான். அருகிலுள்ள உறவில் ஒத்த இரு முறைகள், எட்டிய உறவில் வேறு வழி செல்கின்றன. ஒப்புமை அறிஞரையும் ஒரு கல் தொலைவு அழைத்துச் சென்று, ஆங்கே கைவிடக்கூடும்.

எங்களையும் அஃது ஒரு முறை கைவிட்டது. அதனைச் சொல்லவே இதனை எழுதலானோம்.

இங்கு வருமுன் நாங்கள் இடுக்கி மாவட்டத்தில், நெடுங்கண்டத்தை அடுத்த ஏலத்தோட்டப் பகுதியில் பல்லாண்டு வாழ்ந்தோம். அந்நிலத்தின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் தேனிப் பக்கத்துத் தொழிலாளர் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு காலையில் ஏறி, ஏலக்காய் பறித்து, மாலையில் இறங்குவர். ஒருவரையொருவர் அறியாதவர்கள்கூட அந்த ஜீப்பிலேயே அண்ணன், மதினி, மாமன் என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை வைத்தபின் சண்டையும் ஒரு வரம்புக்கு உட்பட்டே நடக்கும்.

அடுத்த வீட்டார் மலையாளிகள். அவ்வீட்டு அம்மையாரை நாங்கள் 'சேச்சி' என்றே அழைத்தோம். தொடக்கத்தில் அவர் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டபோது திகைத்தோம். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அழிப்பது. அவர்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். பிறகு அவர்கள் வீட்டு வெள்ளத்தைப் பத்தாண்டுக் காலம் குடித்தோம்.

2011 டிசம்பர் வந்தது. முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிய சச்சரவு இரு பக்கத்தும் மூண்டது. 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுகளுக்குச் செய்த ஒப்பந்தத்தின்படி கட்டத் தொடங்கி, 1895-இல் முடித்த அணை அது. அந்நாள்களில் அணை என்று எவரும் அணையைச் சொல்லவில்லை, உவமையையே சொன்னார்கள். மலைப்பக்கத்தார் அதனை நீர்வெடிகுண்டு என்றனர். சமவெளியார் அதனை உயிர்நாடி என்றனர். வெடிகுண்டை அகற்றுவதைத் தவிர வேறு என்ன செய்வது? உயிர்நாடியை அறுக்க எவன் உடன்படுவான்? இவ்வாறு உவமையே முடிவையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. பழைய சுவரின் கீழே படுத்துறங்குபவனின் அச்சமும் உண்மை. வாய்க்காலின் கடைசியில் நாற்றுடன் நிற்பவனின் தவிப்பும் உண்மை. நீர்மட்டம் எத்தனை அடி, சுவரின் வலிமை எவ்வளவு என்று அளந்து பேசவேண்டிய வழக்கு அது. அவ்வாறு அளந்து, 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014 மே 7-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த டிசம்பரில் அடிக்கணக்கைக் கேட்பார் இல்லை. எல்லை வழிகள் அடைபட்டன. தமிழ்த் தொழிலாளர் பலர் குழந்தைகளைச் சுமந்துகொண்டு காட்டு வழியே தேனிப் பக்கம் இறங்கினர்.

ஒரு மாலை கடைத்தெருவில் ஒரு கூட்டம் முழக்கமிட்டுக்கொண்டு நின்றது. அக்கூட்டத்தின் நடுவே சேச்சியின் மகனை நாங்கள் கண்டோம். வீடு திரும்பிக் கதவைத் தாழிட்டோம். 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்னும் பழமொழி எங்கள் வாயில் வந்தது. எங்களில் ஒருவர் சொன்னார், மற்றவர் தலையாட்டினார், ஆகவே அப்பழி இருவருக்கும் உரியது. பத்தாண்டு குடித்த தண்ணீர் ஒரு பழமொழியில் வற்றிப்போயிற்று.

இரவு கதவு தட்டும் ஒலி கேட்டது. திறக்க அஞ்சினோம். "டீச்சரே" என்று சேச்சியின் குரல் கேட்ட பின்பும் அஞ்சினோம் என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது. திறந்தால், கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு அவர், பின்னால் அம்மகன். எந்த வழி எப்போது திறக்கும், எங்கே தடுக்கிறார்கள் என்று அறிவதற்காகவே அவன் அக்கூட்டத்தில் போய் நின்றிருக்கிறான். "இன்று இரவு புறப்பட வேண்டாம், விடியுமுன் நான் உடன் வருகிறேன்" என்றான். நாங்கள் நன்றி சொல்ல வாயெடுத்தோம். சேச்சி தடுத்துவிட்டார். "நம்மள் ஒரு வீட்டுகாரல்லே?" என்றார். நாம் ஒரே வீட்டார் அல்லவா என்பது பொருள். விடியற்காலையில் அவன் எல்லை வரை எங்கள் மூட்டையைச் சுமந்துவந்தான். பொங்கல் கழித்துத் திரும்பினோம். பழமொழியை அவர்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் துணிவு மட்டும் எங்களுக்கு வரவில்லை.

எங்கள் பிழை எங்கே நேர்ந்தது? பழமொழி பொய்யன்று, இரு பக்கமும் நடிப்பவர் உலகில் உண்டு. ஆனால் ஒருவன் இரண்டு இடத்தில் நின்றான் என்ற ஒரே ஒற்றுமையைக் கொண்டு முழுக் கதையையும் அவன்மேல் ஏற்றினோம். வஞ்சகனும் இரு பக்கமும் நிற்பான். பாலமும் இரு கரையிலும் ஊன்றித்தான் நிற்கும். இரண்டு உவமைகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், எது பொருந்தும் என்று அவனையே கேட்டிருப்போம். ஒன்றே ஒன்று கையில் இருந்ததால் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. கிக், ஹோலியோக் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1983-இல் இதற்கு நெருங்கிய ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். ஒரு கதையை மட்டும் படித்தவர்களைவிட, ஒரே கருத்துடைய இரு கதைகளை ஒப்பிட்டு நோக்கியவர்களே, புதிய சிக்கல் ஒன்றில் அக்கருத்தை எளிதாகப் பயன்படுத்தினர். ஒன்றை மட்டும் அறிந்தவன் அதன் தோற்றத்தில் நின்றுவிடுகிறான். இரண்டை அறிந்தவன் உள்ளே செல்கிறான்.

நம் அணியிலக்கணத்தில் உவமையணிக்குப் பின் வேற்றுமையணி என்று ஒன்று உண்டு. இரு பொருள்களை ஒப்பிட்ட பிறகு அவை வேறுபடும் இடத்தையும் கூறுவது அது. பள்ளியில் இரண்டையும் கற்றோம். வாழ்வில் முதலாவதை மட்டும் கைக்கொண்டோம். 'அவர்கள் எல்லாரும் ஒன்று போலத்தான்' என்பது உவமையணியும் அன்று; சோம்பல். 'அண்ணாச்சி' என்பது தென்பாண்டி நாட்டில் எவ்வளவு மதிப்புக்குரிய உறவுச்சொல்! அதே சொல் எல்லைக்கு மேற்கே சிலர் வாயில் தமிழனை எள்ளும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. நம்மவரிடமும் அண்டை மொழியாரைப் பழிக்கும் பழமொழிகள் உண்டு. அவற்றை இங்கு எழுத நாணுகிறோம்.

சேச்சி அன்று சொன்ன 'நம்மள்' என்னும் சொல்லை நாங்கள் அடிக்கடி எண்ணுவோம். தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்பவரை விலக்கியது முன்னது. அவரையும் சேர்த்துக்கொண்டது பின்னது. மலையாளத்திலும் 'ஞங்ஙள்' உண்டு, 'நம்மள்' உண்டு. ஆங்கிலத்துக்கு இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த டிசம்பரில் இரு பக்கத்து மேடைகளிலும் 'நாங்கள்' முழங்கிற்று. ஓர் ஏலத்தோட்டத்து வீட்டு வாசலில் மட்டும் 'நம்மள்' மெல்ல ஒலித்தது. இலக்கணம் இரு சொற்களையும் கொடுத்திருக்கிறது. எதனை எடுப்பது என்பது நம் பொறுப்பு.

வெளிநிலத்தில் பிள்ளை வளர்க்கும் குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மாமா, சித்தப்பா, பெரியப்பா ஆகிய மூவரையும் 'அங்கிள்' என்னும் ஒரே குடையின் கீழ் நிறுத்திவிடாதீர்கள். அவ்வாறு அழைக்கும் பிள்ளைக்கு அறிவு குறைந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. மொழி சிறையன்று, அஃது ஓர் ஒற்றையடிப் பாதை. பாதை இல்லாவிடினும் காட்டைக் கடக்கலாம். இருந்தால் குழந்தையும் கடக்கும். நம் சொற்களைக் கொடுப்பதோடு அண்டை வீட்டாரின் சொற்களையும் கொடுங்கள். 'அவர்களுக்கு அம்மாவன், நமக்கு மாமன். அவர்களுக்கு சேச்சி, நமக்கு அக்கா' என்று இணைத்துச் சொல்லிக்கொடுங்கள். எங்கே ஒத்துப்போகிறது என்று கேட்ட பிறகு, எங்கே வேறுபடுகிறது என்றும் கேட்கப் பழக்குங்கள். இரு மொழிக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு எல்லாம் இரண்டிரண்டாகக் கிடைக்கின்றன. அதனைக் குழப்பம் என்று அஞ்சவேண்டா, அது செல்வம்.

அம்மாயி வழக்கு முடிந்த மறுநாள் அவ்விருந்தினர் ஊருக்குப் புறப்பட்டனர். எங்கள் பேத்தி வேலியருகே சென்று அந்த இளம்பெண்ணிடம், "நீங்க எனக்கு அத்தை மாதிரி. தாத்தா சொன்னாங்க" என்றாள். அவள் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "எந்தினா மாதிரி? அத்தேன்னு தன்னெ விளிச்சோ" என்றாள். 'மாதிரி எதற்கு? அத்தை என்றே கூப்பிடு' என்பது அதன் பொருள்.

'போல' என்னும் உருபு விலகிவிட்டால் உவமை உருவகமாகிவிடும் என்று பள்ளியில் பல்லாண்டு பாடம் சொல்லியிருக்கிறோம். அன்று அது விலகியதை வேலியருகே கண்டோம். எங்கள் பேத்தி இப்போது அவளை அத்தை என்றே அழைக்கிறாள்.